பழைய ஏப்ரன், கிராஸ் மெம்பர் வாங்கப் போறீங்களா? கார் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது!

“அதே மாடல்தான் சார், அப்படியே உட்கார்ந்துடும்.” சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் தேடிப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ஹெட்லைட், சைடு மிரர் விஷயத்தில் இதை நம்பி ஏமாந்தால் பணம்தான் நஷ்டம். ஏப்ரன், கிராஸ் மெம்பர், பில்லர், பம்பருக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் போன்றவை காரின் எலும்புக்கூடு. மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காப்பது இவைதான். இதில் தப்பு நடந்தால், அது அடுத்த விபத்தில்தான் தெரியவரும்.

பெயர் ஒன்று, கார் வேறு

மாருதி ஸ்விஃப்ட் இந்தியாவில் 2005-ல் அறிமுகமானது. 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் புதிய தலைமுறைகள் வந்தன. 2018-ல் காரின் அடித்தளமே மாறியது. எனவே “ஸ்விஃப்ட் ஏப்ரன் இருக்கா?” என்று மட்டும் கேட்பது போதாது. ஒரே தலைமுறையிலும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு இன்ஜின் மவுன்ட் வரும் இடம் மாறலாம்.

இன்னொரு விஷயம், மோதல் பாதுகாப்பு விதிகள். புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 அக்டோபரிலும் இவை கட்டாயமாகின. அதற்கு முன்பும் பின்பும் தயாரான கார்கள் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருக்கும் இரும்பு வேறாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நிசான் மைக்ராவும் ரெனோ பல்ஸும் பெயரில் வேறு, அடித்தளத்தில் ஒன்று. ஆனால் முன்பக்கத் தோற்றம் வேறு. எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை பார்ட் நம்பர்தான் சொல்லும்.

எப்படிச் சரிபார்ப்பது?

* ஆர்சி-யில் உள்ள 17 இலக்க சேஸிஸ் நம்பரைச் சொல்லி, கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் சரியான பார்ட் நம்பரைக் கேளுங்கள். பழைய நம்பருக்குப் பதிலாகப் புது நம்பர் வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பரில் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து வராது. அப்படித் தெரிவது பூஜ்யம்.

* பாகத்தின் ஸ்டிக்கரில் அல்லது அச்சில் அதே நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போல்ட் ஓட்டைகளுக்கு இடையிலான தூரத்தையும், குறுக்குவாட்டு அளவையும் உங்கள் காருடன் ஒப்பிடுங்கள்.

* ஏர்பேக் சென்சார் மாட்டும் இடத்தைக் கவனியுங்கள். ஏர்பேக் இல்லாத வேரியன்ட்டில் அந்த பிராக்கெட்டே இல்லாமல் இருக்கலாம்.

* அந்தப் பழைய கார் எந்தப் பக்கம் அடிபட்டது என்று கேளுங்கள். பெயின்ட் விரிசல், அலை அலையான மடிப்பு, வெல்டிங் தடம், துரு இருந்தால் விட்டுவிடுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்திய பாகம் வேண்டவே வேண்டாம். அதிக வலிமை கொண்ட ஸ்டீல் சூட்டில் தன் பலத்தை இழந்துவிடும்.

* லோயர் ஆர்ம், நக்கிள் போன்ற சஸ்பென்ஷன் பாகங்களில் லேசான வளைவு கண்ணுக்குத் தெரியாது. இவற்றைப் புதிதாக வாங்குவதே நல்லது. ஏர்பேக், சீட் பெல்ட்டுக்கும் இதுவே பொருந்தும்.

சட்டச் சிக்கல் எங்கே?

சில கார்களில் சேஸிஸ் நம்பர் பாடியிலேயே அடிக்கப்பட்டிருக்கும். வேறொரு காரின் நம்பர் இருக்கும் பகுதியை வெட்டி ஒட்டினால், அது ஆர்சி-யுடன் ஒத்துப்போகாது. ஆர்சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தடை செய்கிறது. திருட்டு வண்டியின் பாகமாக இருந்துவிட்டால் போலீஸ் விசாரணையும் சேரும். எனவே பில் இல்லாமல் வாங்காதீர்கள். பாகம் எந்தக் காரிலிருந்து கழற்றப்பட்டது என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் வேலை நடந்தால், பழைய பாகம் போடும் முன் நிறுவனத்திடம் பேசிவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கடைசியாக ஒன்று. “பொருந்தலைன்னா திருப்பி எடுத்துப்பீங்களா?” என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெல்டிங், பெயின்ட்டுக்கு முன் டிங்கரிடம் பாகத்தை ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு, பானெட் இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் வேலையைத் தொடங்கலாம். வெல்டு வைத்த பிறகு எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்க மாட்டார்.