பல்லில் நோய், காதில் நோவு

காதிலே குத்து எடுத்தால் காதைப் பார்ப்பது எவர்க்கும் இயல்பு. சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலும் அப்படியே. யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் இறப்பர் மலைகளாயினும், பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் தேயிலை மலைகளாயினும், லயத்து வீடொன்றில் இரவு வேளையில் ஒருவருக்குக் காது நோவு கண்டால், நல்லெண்ணெயில் வெள்ளைப்பூண்டைக் காய்ச்சி இளஞ்சூட்டில் இரண்டு துளி விடுவது பழைய வழக்கம். சிலருக்கு நோவு தணிவது போலத் தோன்றும். மறுநாள் இரவு மீண்டும் வரும். தோட்ட மருந்தகத்தில் காதைச் சோதிக்கிறார்கள். சீழ் இல்லை, செவிப்பறை சிவக்கவில்லை, கேள்வியும் குறையவில்லை. காதில் ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர், தமது நோவை எவரும் நம்பவில்லையே என்று மனம் வருந்துகிறார். நோவு மெய்யானதே. அதற்குரிய இடந்தான் வேறு. பெரும்பாலும் அவ்விடம் வாய்க்குள்ளே, பின்வரிசைப் பல் ஒன்றில் இருக்கும்.

ஓரிடத்து நோய் மற்றோரிடத்தில் நோவாகத் தோன்றுவது உடலில் அரிதன்று. இருதயத்தில் குருதியோட்டம் தடைப்பட்டவருக்கு இடக்கை உளைவெடுப்பதைப் பலரும் கேள்வியுற்றிருப்பர். பல்லுக்கும் காதுக்கும் உள்ள உறவு அதனினும் நெருக்கமானது. மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் 12 சோடி. அவற்றுள் ஐந்தாவது நரம்பு மூன்று பெருங்கிளைகளாகப் பிரிந்து முகம் முழுவதற்கும் உணர்ச்சி தருகின்றது. மூன்றாவது கிளை கீழ்த்தாடைக்கு உரியது. அதன் ஒரு சிறுகிளை கீழ்ப் பற்களுக்குச் செல்ல, மற்றொரு சிறுகிளை தாடை மூட்டுக்கும், காதுக் குழாயின் முற்பக்கத்துக்கும், செவிப்பறையின் ஒரு பகுதிக்கும் செல்கின்றது. ஆகவே கீழ்க் கடைவாய்ப் பல்லும் காதும் ஒரே கொடியில் காய்த்த இரு காய்கள் எனலாம்.

தோட்டத்துக்குக் கடிதம் வந்து சேரும் வழியை அறிந்தோருக்கு இது எளிதில் விளங்கும். லயத்து அறைகள் பலவற்றுக்குத் தனி விலாசம் இல்லாமையால், தோட்டத்தின் பெயரைத் தாங்கிய கடிதங்கள் நெடுங்காலமாகக் காரியாலயத்திலேயே குவிந்து, அங்கிருந்து ஆள் மூலமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வந்தன. ஒரே பெயருடையோர் இருவர் இருப்பின் ஒருவரது கடிதம் மற்றவர் வாசலைத் தட்டும். மூளைத் தண்டிலும் இவ்வாறே நிகழ்கின்றது. பல்லிலிருந்து வரும் செய்தியும் காதிலிருந்து வரும் செய்தியும் ஒரே நரம்பணுக்களில் வந்து கூடுகின்றன. அனுப்பியவர் யாரென்பதை மூளை தவறாகக் கணித்துக் காதின் வாசலைத் தட்டிவிடுகின்றது. இதற்குச் சிறந்த சான்று பல் வைத்தியரின் கையிலேயே உண்டு. ஐயத்துக்குரிய பல்லின் அடியில் மரக்கச் செய்யும் ஊசியை ஏற்றினால் சில நிமிடங்களில் காது நோவு நின்றுவிடும். காதை எவரும் தொடவேயில்லை!

எல்லாப் பற்களும் இவ்வாறு காதைத் தொல்லைப்படுத்துவதில்லை. முன்பற்களின் நோவு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மேற்கடைவாய்ப் பல் கன்னத்தையும் நெற்றிப் பொட்டையும் உளைவிக்கும். காதைத் தேடிச் செல்வது பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லே. சீனி கூடிய தேநீரும், நடுவேளையில் உண்ணும் இனிப்புப் பண்டமும் பல்லிடுக்கில் தங்க, கிருமிகள் அச்சீனியை அமிலமாக்கிப் பல்லின் வெளியோட்டைக் கரைக்கின்றன. அக்கட்டத்தில் நோவு இல்லை. சொத்தை உள்ளே இறங்கி, நரம்பும் குருதிக் குழாயும் உள்ள பற்கூழை எட்டியபின்பே துன்பம் தொடங்கும். கூழ் வீங்க விரும்புகின்றது. சுற்றியுள்ள கடினமான சுவரோ இடங்கொடுப்பதில்லை. படுத்தவுடன் தலைக்குக் குருதி மிகுதியாகச் செல்வதால் நெருக்கம் மேலும் கூடும். பகலெல்லாம் மலையில் கொழுந்து பறிக்கும்போது பொறுத்துக்கொண்ட நோவு இரவில் உறக்கத்தைப் பறிப்பது இதனாலேயே.

ஏறக்குறைய 17 வயதிலிருந்து 25 வயது வரையில் முளைக்கும் ஞானப்பல் மற்றொரு காரணம். தாடையில் இடம் போதாமல் அது சாய்ந்து முளைத்து, பாதி ஈறுக்குள்ளே தங்கும். ஈற்று மடிப்பில் உணவுத் துணுக்குகள் அழுகிச் சீழ் பிடிக்க, வாய் திறப்பதும் விழுங்குவதும் கடினமாகும், காதும் குத்தும். தாடை மூட்டோ காதுக்குச் சற்று முன்னே, விரலை வைத்து வாயைத் திறந்தால் அசைவது புலப்படும் அளவுக்கு அண்மையில் உள்ளது. உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்போர்க்கும், ஒருபுறத்துப் பற்களை இழந்து மறுபுறத்தாலேயே மெல்லுவோர்க்கும் அம்மூட்டும் அதன் தசைகளும் களைத்து, நோவு காதிலே தோன்றக்கூடும்.

நோவு எங்கிருந்து வருகின்றது என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். காது மடலை மெல்ல இழுத்தாலும், துளைக்கு முன்னுள்ள சிறு குருத்தை அழுத்தினாலும் நோவு கூடுமாயின், காதுக் குழாயிலே புண் இருத்தல் கூடும். காதிலிருந்து நீரோ சீழோ வடிதல், கேள்வி மந்தமாதல், தடிமலுக்குப் பின் காய்ச்சலோடு காது அடைத்தல் ஆகியவையும் காதையே சுட்டுவன. மாறாக, குளிர்ந்த நீரோ சூடான தேநீரோ பட்டவுடன் நோவு எழுந்தாலும், கடித்து மெல்லுகையில் குத்தினாலும், பல்லை விரலால் தட்டும்போது கூசினாலும் பல்லையே முதலில் ஐயுற வேண்டும். இவை முடிந்த முடிபுகள் அல்ல. வைத்தியரிடம் சொல்லவேண்டிய செய்திகள். காதில் எண்ணெய் விடும் வழக்கத்தையோ விட்டுவிடுவதே நன்று. செவிப்பறையில் ஓட்டை இருப்பின் அது தீங்கு செய்யும். நோவு மாத்திரையை ஈறின்மேல் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அஸ்பிரின் அவ்விடத்து மென்தோலைப் பொசுக்கிவிடும்.

இனிச் சொல்லப்போவது இவ்வனைத்திலும் பாரதூரமானது. நாவின் அடிப்பகுதி, தொண்டை ஆகியவற்றுக்கு உணர்ச்சி தரும் ஒன்பதாவது நரம்பு நடுச்செவிக்கும் ஒரு கிளை விடுகின்றது. ஆதலால் நாவடியிலோ தொண்டையிலோ உண்டாகும் புற்றுநோய், சில வேளைகளில் முதன்முதலாகக் காது நோவாகவே தன்னை அறிவிக்கும். இலங்கையில் ஆண்களுக்கு உண்டாகும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது வாய்ப் புற்றுநோய். சப்பிரகமுவ மாகாணத்தில் 30 வயதைக் கடந்த 1,029 பேரைச் சோதித்து 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, 100 பேரில் ஏறத்தாழ 11 பேருக்குப் பின்னர் புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் வாயில் இருப்பதைக் கண்டது. அவை யாவும் புற்றாகிவிடுவதில்லை. ஆயினும் 100க்கு 11 என்பது சிறு தொகையன்று.

வெற்றிலையே இதன் முதற் காரணம் என்றால் மலைநாட்டில் பலருக்கு மனம் ஒப்பாது. விருந்தினரை வரவேற்பதும் வெற்றிலை. பசியை மறப்பதும், அட்டைக் கடியும் மழைக் குளிரும் நிறைந்த மலையில் உடலைச் சற்றுச் சூடேற்றிக்கொள்வதும் வெற்றிலை. பாக்கு மரமோ கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களில் தானாகவே நிற்கின்றது. புகையிலையை மட்டும் நீக்கிவிட்டால் தீங்கில்லை என்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும், பாக்கையுமே கூட, மனிதருக்குப் புற்று விளைவிப்பனவாக வகுத்துள்ளது. புகையிலை சேர்ந்தால் தீங்கு பன்மடங்கு. பாக்கை நெடுங்காலம் மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போலத் தடித்து, வாய் திறக்கும் அளவு சிறுகச் சிறுகக் குறைந்து வருவதும் உண்டு. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லையானால் பல் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். இரு வாரங்களுக்குள் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெண்படலம், செம்படலம், காரம் பட்டவுடன் எரிவு ஆகியவையும் அத்தகையனவே. நோவில்லாத புண்ணே நல்ல புண் என்று கருதுவது பெரும் பிழை. புற்று தொடக்கத்தில் நோவதில்லை.

தாடையின் கீழ் வீக்கம் பரவி, நா மேலெழும்பி, விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானால் விடியும்வரை காத்திராது அப்போதே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கிய நிலை அது, உயிருக்கே ஆபத்து.

இவையனைத்தையும் அறிந்தவர்கூடப் பல் வைத்தியரிடம் போகாதிருப்பதற்கு அறியாமையே காரணம் என்று சொல்லிவிட இயலாது. கரவனெல்லைக்கோ, பலாங்கொடைக்கோ, இரத்தினபுரிக்கோ போய்வர ஒரு பகல் கழியும். அன்றைய பேர் போய்விடும். பால் வெட்டுபவருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் ஒருநாட் பேர் என்பது அடுப்பில் ஏறும் உலை. ஆகவே நோவு தாங்க முடியாத நாளிலே போய், பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்புகின்றனர். சொத்தை சிறிதாயிருக்கையில் சென்றிருந்தால், அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமின்றி அடைத்துவிட்டுப் பல்லைக் காத்திருக்கலாம். ஒருமுறை சென்றிருந்தால் போதும். ஞானப்பல்லுக்கும் கூழ் அழுகிய பல்லுக்கும் பலமுறை செல்ல நேரும். செல்வோர், “காது நோகின்றது” என்பதோடு நில்லாமல், எந்தப் பக்கம், இரவிலா பகலிலா, மெல்லும்போதா, எத்தனை நாளாக, வெற்றிலை போடும் வழக்கம் உண்டா என்பவற்றையும் தாமே எடுத்துச் சொல்லல் வேண்டும். வைத்தியர் காதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தால், வாயையும் ஒருமுறை பார்க்குமாறு கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.