பதக்கத்துக்குள் ஓர் ஆண்டெனா

ஊரில் தனியே இருக்கும் பெற்றோருக்குக் கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான் வாங்கிக் கொடுத்த அன்பர்கள் நம்மில் உண்டு. பெங்களூரில் அதற்கு ஆண்டெனா வடிவமைப்பது என் பிழைப்பு. உரிமம் தேவைப்படாத 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். கால் பங்குக் கம்பிக்கே எட்டரை சென்டிமீட்டர் வேண்டும். பதக்கமோ தீப்பெட்டியைவிடச் சிறிது! மடித்துச் சுருட்டி அடக்கலாம், வீச்சு குறையும்.

கம்பி பாதிதான், சர்க்யூட் போர்டின் செம்புத் தளம் மறுபாதி. அதையும் குறுக்கச் சொல்பவர்களோடுதான் எனக்குத் தினசரி மல்லுக்கட்டு. மார்பில் பட்டதும் சுருதி இறங்கும். உடம்பில் பெரும்பங்கு தண்ணீராயிற்றே, அலையை விழுங்கியும் விடும். ஆகவே வெறும் மேஜையில் அல்ல, உப்புநீர்ப் பையில் ஒட்டி வைத்தே அளக்கிறேன். பதில் வராவிட்டால் கருவி திரும்பத் திரும்ப அனுப்பும்; பேட்டரி சீக்கிரம் தீரும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அம்மாவை அணியச் சொல்லி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.