பெற்றோலில் மிஞ்சுவது பற்றரியின் காசு



சமையல் குறிப்பும் கைவைத்தியமும் வருகிற பக்கத்தில் இவள் என்ன கார்ப் பழுதைப் பற்றி எழுதுகிறாள் என்று யோசிக்காதீர்கள். கார் ஓடுவது வீட்டுக்காரராக இருக்கலாம். அந்தக் கார் கராஜில் போய் நின்றால் மாதக் கணக்கு உதைப்பது எங்களுக்குத்தானே!

இப்போது எங்கள் பக்கம் எந்த ஒழுங்கையில் பார்த்தாலும் ஒரு ஹைபிரிட் கார் நிற்கிறது. அனேகமானவை ஜப்பானில் சில காலம் ஓடிவிட்டு இங்கே வந்தவை. எங்களுடையதும் அப்படித்தான். மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக, பிள்ளைகளை ஏற்றி இறக்க என்று 2017 இல் வாங்கினோம்.

"இதை எங்கே பிளக்கில் செருகிச் சார்ஜ் பண்ணுறனீங்கள்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தச் சாதாரண ஹைபிரிட்டுக்குச் செருகத் தேவையில்லை. பெற்றோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் இரண்டும் உண்டு. எஞ்சின் ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பற்றரி தானாகவே ஏறும். அந்தப் பெரிய பற்றரி ஒரே துண்டு அல்ல. கராஜ்காரர் 'செல்' என்று சொல்லும் துண்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். அக்குவா காரில் 20, பழைய பிரியஸில் 28. இதில் ஒன்று இளைத்தாலே போதும், முழுப் பற்றரியும் மக்கர் பண்ணும்.

2022 ஆம் ஆண்டை யார் மறப்போம்? ஆனி மாதக் கடைசியில் 92 ரகப் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். அதற்கு முந்திய நாட்களில் எங்கள் கார் வாரக்கணக்காக முற்றத்தில் சும்மா நின்றது. பெற்றோல் கிடைத்த அன்று பொத்தானை அமத்தினால் 'ரெடி' லைற் வரவில்லை. "ஹைபிரிட் பற்றரி போட்டுது, லட்சக் கணக்கில வரும்" என்று பக்கத்து வீட்டு அண்ணை சொல்ல எனக்கு நெஞ்சு திக்கென்றது. பார்த்தால் போனது மற்றச் சின்னப் பற்றரி. ஆம், சகோதரிகளே, ஹைபிரிட் காரிலும் 12 வோல்ற் சின்னப் பற்றரி ஒன்று உண்டு. அது இறங்கினால் பெரியது நன்றாக இருந்தாலும் கார் உயிர்க்காது. புதிது போட எங்களுக்கு 52 ஆயிரம் ரூபா ஆனது.

பெரிய அடி 2023 இல் வந்தது. ஒரு நாள் டாஷ்போர்ட்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. ஒரு கராஜில் காட்டினோம். முதலாளி பார்த்துவிட்டு, "முழுப் பற்றரியும் மாத்த வேணும், 3 லட்சத்து 20 ஆயிரம்" என்றார். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது சாமான் விலையும் கூடவே ஏறியிருந்தது. எங்களிடம் அவ்வளவு காசு எங்கே? கலியாணத்துக்கு அம்மா போட்ட இரண்டு காப்பையும் அடைவு வைப்பதுதான் ஒரே வழி. இவர் ஒன்றும் பேசாமல் இருந்தார். நான்தான், "எத்தனை செல் பழுது? அளந்த கணக்கைக் காட்டுங்கோ" என்று கேட்டேன். "அம்மா, இது உங்களுக்கு விளங்காது" என்றார் முதலாளி. விளங்காத ஒன்றுக்கு நான் ஏன் காப்பைக் கழற்ற வேண்டும்? காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

பிறகு ஹைபிரிட் வேலை மட்டும் செய்கிற ஒரு தம்பியிடம் போனோம். கொம்பியூட்டரைப் பூட்டி, செல்களின் வோல்ற் அளவை எங்களுக்கே காட்டினார். இரண்டு செல்தான் இறங்கியிருந்தது. பற்றரிக்குக் காற்றடிக்கும் விசிறியைக் கழற்றியபோது கைப்பிடியளவு தூசும் தலைமயிரும் வந்தது. காற்றுப் போகாமல் சூடேறித்தான் செல் கெட்டது என்றார். துப்புரவு, இரண்டு செல், கூலி எல்லாம் சேர்த்து 45 ஆயிரம்.

ஆனால் அந்தத் தம்பி உண்மையையும் சொன்னார். "அக்கா, இது சட்டைக்கு ஒட்டுப் போடுற மாதிரி. மற்றச் செல்லும் பழசுதானே, ஒண்டு ஒண்டா வரும்." சொன்னது போலவே 2024 ஐப்பசியில் இன்னொன்று போனது. 28 ஆயிரம்.

இவ்வளவு அனுபவத்தில் நான் அறிந்ததைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

பின் சீற்றின் அடியிலோ பக்கத்திலோ சின்னத் துவாரத் தட்டு ஒன்று இருக்கும். அதுதான் பற்றரி மூச்சு விடும் வழி. அதை மறைத்து அரிசி மூட்டையோ பிள்ளைகளின் பையோ வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது அதன் வடியையும் விசிறியையும் துப்புரவு செய்விக்க வேண்டும். எங்களுக்கு 4 ஆயிரம் ரூபாவுக்குள் முடிகிறது.

பற்றரிக்குச் சூடு பகை. காரை நிழலில் விடுங்கள். வெயில் நாளில் ஏசி போட்டால் உள்ளே இருக்கும் குளிர் காற்றைத்தான் பற்றரியும் இழுக்கும்.

கார் ஓடாமல் நிற்பதானால் கிழமைக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் 'ரெடி'யில் போட்டு வையுங்கள். திறந்த இடத்தில் செய்யுங்கள், எஞ்சின் புகை உள்ளே அடையக் கூடாது.

இன்வேர்ட்டர் என்ற பெட்டிக்கென்று தனியாகக் குளிர்நீர்ப் போத்தல் பல கார்களில் உண்டு. எஞ்சினுக்குப் பார்க்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டி எரிந்தால் செலவு பெரியது.

செம்மஞ்சள் நிற வயர்களில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆளைக் கொல்லும் மின்சாரம் அதில் ஓடுகிறது. பழகாத மெக்கானிக்கிடம் கொடுக்கவே வேண்டாம்.

குறை மட்டும் சொல்லக் கூடாது. இந்தக் காரில் பிரேக் கட்டை நெடுநாள் உழைக்கிறது. எங்கள் காரைப் போன்றவற்றில் ஸ்ரார்ட்டர் மோட்டார் தனியாக இல்லாததால் அந்தச் செலவும் இல்லை.

கடைசியாக என் கணக்கு. நாங்கள் மாதம் 600 கிலோமீற்றர் ஓடுகிறோம். சாதாரண காரில் லீற்றருக்கு 12 என்றால் 50 லீற்றர் வேண்டும். இதில் லீற்றருக்கு 20 போகிறது, 30 லீற்றர் போதும். மிச்சம் 20 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று பிடித்தாலும் மாதம் 6 ஆயிரம். முன்பு அது சீலைக்கும் பலசரக்குக்கும் கரைந்துவிடும். 2023 ஆவணியிலிருந்து அதைத் தபால் கந்தோர்ச் சேமிப்பில் தனியாகப் போடுகிறேன். வருடம் 72 ஆயிரம், நாலு வருடத்தில் 2 லட்சத்து 88 ஆயிரம். ஏறக்குறைய ஒரு பற்றரி! அந்த 28 ஆயிரமும் இதிலிருந்துதான் போனது. யாரிடமும் கை நீட்டவில்லை.

ஹைபிரிட் கார் பெற்றோலை மிச்சப்படுத்துவது உண்மை. அந்த மிச்சத்தை அது எங்களுக்குச் சும்மா தருவதில்லை, தன் பற்றரிக்காக எங்களிடம் தந்து வைக்கிறது. சிவப்பு லைற் எரியும் நாளில் காப்பு கையில் இருக்க வேண்டுமானால், லைற் எரிய முதலே காசு கையில் இருக்க வேண்டும்.

- ஓர் இல்லத்தரசி,
சாவகச்சேரி.