தலைக்குள் கிளிப்பா, காயிலா?

மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப்பைப் போலப் புடைத்து நிற்பதுதான் அனியூரிசம். நூறு பெரியவர்களில் ஏறக்குறைய மூவருக்கு இது இருக்கக்கூடும். பலருக்குக் கடைசிவரை தெரியாது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சை முடித்துச் சுங்கை பட்டாணிக்கோ கூலிமுக்கோ வீடு திரும்பியவர்களுக்காக எழுதுகிறேன்.

நலமாக இருக்கும்போது ஏன் ஸ்கேன்?

சிகிச்சை இரண்டு வகை. மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது ஒன்று. தொடை இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை ஏற்றி, பிளாட்டினக் காயில்களால் புடைப்பை நிரப்புவது மற்றொன்று. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஐசாட் ஆய்வு 2002இல் வெளிவந்த பிறகு காயில் முறை உலகெங்கும் பரவியது. மண்டையோட்டைத் திறக்க வேண்டாம் என்பது அதன் சிறப்பு.

குறையும் உண்டு. இரத்தம் ஓயாமல் மோதுவதால் காயில் அமுங்கிப்போகலாம். காயில் வைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் புடைப்பு ஓரளவேனும் மறுபடி திறக்கிறது. பத்தில் ஒருவருக்கு மறுசிகிச்சை தேவைப்படுகிறது. கிளிப் நெடுங்காலம் தாங்கும். ஆனாலும் வேறிடத்தில் புதிய புடைப்பு வரலாம். இவை எதுவும் வலிக்காது. "நல்லாத்தானே இருக்கேன்" என்பதை நம்பி ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடுவதில் எந்தப் பொருளும் இல்லை.

குழாய் விடாமலே பார்க்கலாம்

மூளை ஆஞ்சியோகிராமை 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்தார். மிக நுணுக்கமாகக் காட்டுவது இன்றும் அதுதான். ஆனால் இரத்தக்குழாய்க்குள் குழாய் செல்வதால் பக்கவாத ஆபத்து சிறிதளவு உண்டு. தொடர் பரிசோதனைக்கு வராமல் பலர் ஒதுங்குவதும் அந்தப் பயத்தால்தான்.

காயில் வைத்தவருக்குப் பெரும்பாலும் எம்.ஆர். ஆஞ்சியோகிராம் போதும். ஓடும் இரத்தத்தையே அது படமாக்குகிறது. கதிர்வீச்சு இல்லை, பலருக்கு ஊசியும் தேவைப்படாது. சத்தம் மட்டும் காதைத் துளைக்கும். பிளாட்டினம் காந்தத்தில் ஒட்டாது, படத்தையும் அதிகம் கெடுக்காது.

கிளிப் போட்டவருக்குக் கதை தலைகீழ். எம்.ஆர்.ஐ.யில் கிளிப்பைச் சுற்றி வெறும் இருட்டாகிவிடும், சி.டி. ஆஞ்சியோகிராம்தான் உதவும். அதற்கு அயோடின் மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீடு எத்தனை?

அந்த அட்டை எங்கே?

இன்றைய டைட்டேனியக் கிளிப்புகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பழைய எஃகுக் கிளிப்புகள் சில அப்படியல்ல: காந்தம் இழுத்தால் கிளிப் நகர்ந்து உயிரே போகலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அப்படி ஒரு மரணம் நிகழ்ந்தது.

அதனால்தான் ஸ்கேன் அறையில் தோண்டித் துருவிக் கேட்கிறார்கள். "தலையில கம்பி வெச்சிருக்காங்க" என்ற பதில் அவர்களுக்குப் போதாது. எந்த ஆண்டு, எந்த மருத்துவமனை, கிளிப்பா காயிலா, என்ன பெயர் என்பதெல்லாம் சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனை தந்த அட்டையில் இருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு வீடு மாறியபோது தொலைந்திருந்தால், சிகிச்சை பெற்ற இடத்தில் பதிவைக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மெட்டி, தாலிக்கொடி, தாயத்து, அரைஞாண் அனைத்தையும் கழற்றிவிட்டுத்தான் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக வேண்டும்.

பாலிங்கிலிருந்து பினாங்குக்கு

மூளை அறுவைக்காகக் கெடாவிலிருந்து பலர் பினாங்கு மருத்துவமனைக்குப் போகிறார்கள். சீக்கிலோ பாலிங்கிலோ இருப்பவருக்கு அது ஒரு நாள் கூலியை விழுங்கும் பயணம். அரசு நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். வண்டிச் செலவுதான் பாரம். அலோர் ஸ்டாரிலோ சுங்கை பட்டாணியிலோ ஸ்கேன் எடுத்துப் படத்தை அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதல் படம் பெரும்பாலும் ஆறு மாதத்தில். பிறகு இடைவெளி நீளும், கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சிகரெட்டையும் கட்டுப்படாத இரத்த அழுத்தத்தையும் எந்த ஸ்கேனும் சரிசெய்யாது. காயிலோடு ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயும் வைத்தவர்கள், பல் பிடுங்கவோ வேறெதற்கோ, மருத்துவரைக் கேட்காமல் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தவே கூடாது. இதுவரை அனுபவித்திராத தலைவலி திடீரென இடியாக இறங்கினால் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.