பகிடியும் வதையும்

‘பகிடிவதை’ என்பது ஈழத்துத் தமிழ் தந்த அரிய சொற்களுள் ஒன்று. பகிடி, செய்பவன் தன் செயலுக்கு இடும் பெயர். வதை, படுபவன் அதனை உணரும் பெயர். ஒரே செயலை இருவர் நிலையில் நின்றும் நோக்கி ஒரு தொடராக்கிய சொல் இது.

1997ஆம் ஆண்டிற் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் இவ்வதைக்கு ஆளாகி உயிர் நீத்தார். மறு ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. மாணவருக்கு மட்டுமன்றி, அங்குப் பணிபுரிவோருக்கு உளநோவோ அச்சமோ விளைத்தலும் அச்சட்டத்தின் வரையறையுள் அடங்கும். ஆயின், அச்சட்டத்தின் எல்லை அது வரையறுத்த கல்வி நிறுவனங்களே. பாடசாலை ஆசிரியர் அறையிலும், கந்தோரிலும், கடையிலும் நிகழும் அதே வதைக்கு நம்மிடையே நிலைத்த பெயர்தானும் இல்லை. ஆதலின் அதனைக் ‘கண்டிப்பு’ என்றும், வெறும் ‘பகிடி’ என்றும் கூறி அமைகின்றோம்.

யானும் அவ்வாறு அமைந்தவனே. பல்லாண்டுகளுக்கு முன் யான் பணியாற்றிய ஒரு பாடசாலைக்கு இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். மூத்தவர் ஒருவர் அவர் பேசும் முறையை எல்லோர்முன்னும் பேசிக் காட்டுவார். நேரசூசியை மாற்றிவிட்டு அவருக்கு மட்டும் அறிவியார். அவர் பிந்தி வகுப்புக்குச் சென்றால், அதிபர் கேட்கும்படி, “தம்பிக்கு இன்னும் நித்திரை முறியல்ல” என்பார். அறை முழுவதும் நகைக்கும். யானும் நகைத்தேன். இரண்டாம் தவணை முடிவில் அவர் இடமாற்றம் பெற்றார். கல்முனைப் பஸ் நிலையத்தில் விடைபெறும்போது, “அவர் சொன்னது பெரிசில்ல சேர்; நீங்களும் சிரிச்சீங்களே” என்றார்.

இலக்கணம் கற்பித்து வாழும் எனக்கு அவ்வோர் ‘உம்’ போதுமாயிற்று. அஃது எச்சவும்மை, என்னையும் கொடுமை செய்தவரோடு சேர்த்து எண்ணியது.

கண்டிப்பையும் கொடுமையையும் பிரித்தறிவது எங்ஙனம்? கண்டிப்பு வேலையின் பிழையை நோக்கும். கொடுமை ஆளை நோக்கும். கண்டிப்பவர் தனியே அழைத்துத் திருத்துவார். கொடியவருக்கு அவை வேண்டும். கண்டிப்பு எல்லோருக்கும் ஒன்று. கொடுமை ஒருவரைத் தேர்ந்துகொள்ளும். பிழை திருந்தியதும் கண்டிப்பு ஓயும். கொடுமையோ புதுப்பிழை தேடும். மருதமுனைத் தறியிலே பாவு நூலை இறுக்காவிடின் ஆடை அமையாது. அறும்வரை இறுக்கினும் அமையாது. நெசவாளர் அறிந்த இவ்வளவைத் தலைமை தாங்குவோரும் அறிதல் வேண்டும்.

இவ்வுண்மை புதியதன்று. ‘வெருவந்த செய்யாமை’ என்னும் 57ஆம் அதிகாரத்திலே வள்ளுவர், கடுஞ்சொல்லும் எல்லை கடந்த தண்டனையும் ஆள்வோனுடைய வலிமையையே தேய்க்கும் அரமாகும் என்கின்றார். கந்தோருக்கும் அது பொருந்தும்: அஞ்சியவர் பிழையை மறைப்பர், வல்லவர் விலகிச் செல்வர். உலகமும் இதனை உணர்ந்துள்ளது. சர்வதேசத் தொழில் தாபனம் 2019இல் ஜெனீவாவில் ஏற்ற 190ஆம் இலக்கச் சமவாயம், ஒருமுறை நிகழினும் பன்முறை நிகழினும், உடலுக்கோ உள்ளத்துக்கோ தீங்கு விளைக்கும் நடத்தையைத் தொழிலிட வன்முறை, தொந்தரவு என்னும் வரையறைக்குள் அடக்கிற்று.

இனி, ஆளானவர் செய்யத்தக்கது யாது? முதலாவது, எழுதி வைத்தல்: நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தோர். இரண்டாவது, வாய்மொழிக் கட்டளையை, “இன்று தாங்கள் கூறியவாறு” எனத் தொடங்கி எழுத்தில் உறுதிப்படுத்துதல். மூன்றாவது, சினத்துக்குச் சினம் காட்டாது, “இவ்வாறு பேசுவதை விரும்பவில்லை” எனச் சுருங்கச் சொல்லுதல். நான்காவது, தனித்து நில்லாமை: நம்பத்தக்க ஒருவரையும் தொழிற்சங்கத்தையும் நாடி, அதன்பின் எழுத்துமூலம் முறைப்பாடு செய்தல். அரசாங்க ஊழியர், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமை அதிகாரிகளால் மீறப்பட்டதெனக் கருதின், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கல்முனையிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கோ 126ஆம் உறுப்புரை ஒரு மாத எல்லையே வகுத்துள்ளது. ஆதலின் நாட்குறிப்பைப் பிந்தாது எழுதுக.

இவையெல்லாம் ஆளானவர் தலையிற் சுமத்தும் பாரங்கள். உடனிருப்போர் கடமையோ மிக எளிது. அவையில்லாத கூத்து நெடிது நடவாது. நகையாதிருத்தல் ஒன்று, இயலுமாயின், “போதும், விடுங்கள்” எனல் மற்றொன்று. பின்னர் அவ்விளையவர் அருகிற் சென்று ஒரு கோப்பைத் தேநீர் அருந்துதல் இன்னொன்று. இம்மூன்றில் ஒன்றையேனும் அன்று யான் செய்திருப்பின், அவர் எனக்குச் சொன்ன உம்மை வேறொரு வாக்கியத்தில் அமைந்திருக்கும்: “நீங்களும் என்னோடு நின்றீங்க சேர்” என்று.