மெட்ரோ வருகிறது: இடித்துக் கட்டக் கொடுக்கும் முன்



மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ வழித்தடம் அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம், கெல்லீஸ் என்று நம் பகுதியின் அடியில் சுரங்கமாகப் போகிறது. தூசியோடு சேர்ந்து தரகர்களும் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். "ஸ்டேஷன் பக்கத்து இடம், இடித்துக் கட்டினால் கீழே கடை, மேலே வீடு" என்கிறார்கள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்து விசாரிப்பவர்கள் கூடிவிட்டதால் விவரத்தை இங்கே எழுதுகிறோம்.

கீழே கடை, மேலே குடும்பம் என்பது புரசைவாக்கத்துக்குப் புதிதல்ல. இப்போது அதற்குக் 'கலப்புப் பயன்பாடு' என்று பெயர். ரயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடும் கடையும் நெருக்கமாக இருந்தால் வண்டி குறையும் என்பது திட்டமிடுவோர் கருத்து. அதில் நியாயம் உண்டு, நாம் அதை எதிர்க்கவில்லை. வரும் லாபத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி.

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு தீர்மானிக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி சாதாரண உயரக் கட்டடத்துக்கு அது 2. அதாவது ஒரு கிரவுண்டில், 2400 சதுர அடியில், 4800 சதுர அடி கட்டலாம். கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பும் வாங்கலாம். ஆனால் அது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டருக்குக் குறைந்த தெருவுக்கு அந்தச் சலுகை இல்லை. நம் சந்துகளில் பல 15 அடிகூடத் தேறாது. ஆகவே மெயின் ரோட்டு மனையின் கணக்கைக் காட்டி உள்தெரு வீட்டுக்கு ஆசை காட்டினால் நம்பிவிட வேண்டாம். நாடாவைப் பிடித்துத் தெருவை அளந்துவிட்டுப் பேசுங்கள்.

கூடுதல் பரப்பு கிடைக்கும் இடத்திலும் ஒரு சங்கதி உண்டு. ஒரு கிரவுண்டில் 800 சதுர அடியில் ஆறு வீடு கட்டினால் ஒவ்வொன்றுக்கும் நிலத்தில் பிரிபடாத பங்கு 400 சதுர அடி. எட்டு வீடானால் அது 300. கட்டடம் பழசாகும், நிலம்தான் நிற்கும். உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்று ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதி வாங்குங்கள். கீழ்த்தளக் கடைகள் யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாடகை வருமானம் அங்கேதான் இருக்கிறது. எட்டு வீட்டைத் தாண்டினாலோ, மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். பலர் எட்டோடு ஏன் நிறுத்துகிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். பதிவில்லாத கட்டடத்தில் தாமதமானால் வழக்குக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது வாரிசு. நம் பகுதியின் பழைய வீடுகளில் பல இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கின்றன. அத்தா மவுத்தான அன்றே மகள்களுக்கும் பங்கு உண்டாகிவிட்டது. கல்யாணம் செய்து கொடுத்துவிட்டோம் என்று சொல்லி சகோதரிகளை விட்டுவிட்டு பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தால், மார்க்கத்தில் குற்றம். சட்டத்திலும் கட்டடம் பாதியில் நிற்கும். இதில் சலுகையே கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

வாடகைதாரர்கள் நிலைமைதான் நம்மை அதிகம் உறுத்துகிறது. இருபது முப்பது வருடமாக வாய்ப்பேச்சில் குடியிருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வீடு இடிபடும் நாளில் கொடுத்த அட்வான்ஸுக்கு அத்தாட்சி இல்லையென்றால் என்ன செய்வது? வீட்டுக்காரரும் நம் ஜமாஅத்தாராகவே இருக்கும்போது இதை இப்போதே கேட்பதில் சங்கடம் இருக்கலாம். கேளுங்கள்.

தனித்தனியாகச் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. சி.எம்.டி.ஏ.வின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்தில் எந்தத் தெரு குடியிருப்பு, எது வணிகம் என்று வரையப்படும். வரைவு வெளியானதும் பொதுமக்கள் எழுத்தில் கருத்தும் ஆட்சேபணையும் கொடுக்கலாம். பழைய கழிவுநீர்க் குழாய் இத்தனை மாடியைத் தாங்குமா, தீயணைப்பு வண்டி நுழைய வழி எங்கே, ஸ்டேஷனுக்கு வருபவர் வண்டியை எங்கே நிறுத்துவார் என்று தெருவாரியாக எழுதினால்தான் அது நிற்கும். உங்கள் தெருவின் அகலம், வீடுகளின் எண்ணிக்கை, வாடகைக் குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அசர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அவற்றைச் சேர்த்து ஒரே மனுவாக நாம் தயாரிக்கிறோம்.