கணினி எடை போடுவதில்லை

நெகிரி செம்பிலான், ஜெம்போல் பக்கமிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சொந்தமாக ஏழு ஏக்கர் செம்பனை. வாடகை லோரியில் பழம் ஏற்றி மில்லுக்கு அனுப்புகிறார். ஒரு நாள் மில் வாசலில் ஏதோ குழப்பம். லோரியைத் தராசிலிருந்து இறக்கி மறுபடி ஏற்றி, இரண்டு தடவை நிறுத்திருக்கிறார்கள். முதல் சீட்டுக்கும் இரண்டாம் சீட்டுக்கும் 40 கிலோ வித்தியாசம். "பழைய தராசாக இருந்தால் கிராணியின் கைவரிசை என்று சொல்லிவிடலாம். இது கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த சீட்டு. கம்ப்யூட்டருமா பொய் சொல்லும்?" என்று கேட்கிறார்.

ஐயா, கம்ப்யூட்டர் எடையே போடுவதில்லை. வெளியே வெயிலிலும் மழையிலும் லோரியின் சக்கரத்துக்கு அடியில் கிடக்கும் சில எஃகுக் கட்டைகள்தான் எடை போடுகின்றன. அவை சொல்வதை ஒரு கம்பி வழியாகக் கேட்டு எழுதிக்கொள்வது மட்டுமே கம்ப்யூட்டரின் வேலை. சொன்னது சரியா, கேட்டது சரியா என்று இரண்டு கேள்விகள் இங்கே இருக்கின்றன. முதல் கேள்வியை விசாரிக்க நாட்டில் சட்டமும் முத்திரையும் உண்டு. இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவதுதான்.

முதலில் கட்டைகள். வண்டியோடு சேர்த்து நிறுக்கும் மேடைத் தராசுக்கு அமெரிக்கரான தடேயஸ் ஃபேர்பேங்ஸ் 1831இல் காப்புரிமை பெற்றார். சணல் வண்டிகளை நிறுக்க வழி தேடியவர் அவர். ஆக, இந்தத் தராசு பிறந்ததே விளைபொருள் ஏற்றிய வண்டிக்காகத்தான். அவருடைய நெம்புகோல்களின் இடத்தில் இன்று 'லோட் செல்' இருக்கிறது. எஃகுக் கட்டையின் மேல் முடியளவு மெல்லிய உலோக இழையை வளைத்து வளைத்து ஒட்டியிருப்பார்கள். பாரம் ஏறும்போது எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு நசுங்கும், ஒட்டிய இழையும் கூடவே நெளியும், இழையின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் எடை கிடைத்துவிடும். இப்படி இழை ஒட்டி அளக்கும் யோசனை 1938 வாக்கில் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவருக்குத் தனித்தனியாகத் தோன்றியது.

மாற்றம் எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டன் தாங்கும் கட்டைகள் எட்டு. அவற்றுக்கு 10 வோல்ட் கொடுக்கிறோம். எட்டும் முழுப் பாரம் தாங்கும்போதுகூடத் திரும்பி வருவது 20 மில்லிவோல்ட்தான். அந்த மேடையில் 20 கிலோ குலை ஒன்றைத் தூக்கி வைத்தால் வரும் மாற்றம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை. கம்பிகள் கூடும் பெட்டிக்குள் ஈரம் கசிந்தாலே போதும், இந்தச் சன்னக் குரல் குழறிவிடும்.

அதனால்தான் மில் தராசு 60 டன் வரை நிறுக்கும் என்றால், பெரும்பாலும் 20 கிலோ படிகளாகவே எண்ணைக் காட்டும். 12,340க்குப் பிறகு 12,360. நடுவில் ஒன்றும் கிடையாது. நடுவயது மரத்தின் ஒரு குலை ஏறத்தாழ அந்த எடைதான். எடைப் பாலம் எனப்படும் இந்தத் தராசின் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய பொருள் ஒரு குலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச அமைப்பின் விதிப்படி இந்த வகைத் தராசில் முத்திரை வைக்கும் நேரத்திலேயே 10 டன் வரை அரைப் படியும், அதற்கு மேல் 40 டன் வரை ஒரு படியும் பிசகலாம். புழக்கத்தில் இருக்கும்போது அதைப்போல் இரு மடங்கு. ஜெம்போல் வாசகரின் 40 கிலோ இரண்டே படிதான். தராசைத் திருடன் என்று சொல்ல அது போதாது. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: 20 படிக்குக் குறைந்த பாரத்தை, அதாவது 400 கிலோவுக்குக் குறைந்ததை, இந்தத் தராசில் நிறுத்தால் பிழையின் பங்கு மிதமிஞ்சிப் போகலாம். பிக்கப்பின் பின்னால் நாலு குலை போட்டுக்கொண்டு மில் பாலத்தில் ஏறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி கம்பி. மேடைக்குப் பக்கத்து அறையில் சிவப்பு எண்கள் மின்னும் ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அதன் முதுகிலிருந்து கணினிக்குப் போகும் சாம்பல் நிறக் கம்பி அது. முனையில் ஒன்பது ஊசிகள். ஆர்.எஸ்.-232 என்ற இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1960இல், தொலைத்தட்டச்சுக் காலத்தில் வகுக்கப்பட்டது. சந்திரனுக்கு ஆள் போவதற்கு முந்தைய சங்கதி. ஆனால் பகாவிலோ ரொம்பினிலோ ஒரு மில்லுக்குள் போய்ப் பாருங்கள், பல இடங்களில் இன்னும் அதுதான் உழைத்துக்கொண்டிருக்கும். ஒன்று என்ற செய்திக்கு எதிர்மின்னழுத்தமும் பூச்சியத்துக்கு நேர்மின்னழுத்தமும் அனுப்பும் தலைகீழ்ப் பழக்கம் வேறு அதற்கு உண்டு. கிழவன்தான், ஆனாலும் மில்லின் புழுதிக்கும் சூட்டுக்கும் அசராத கிழவன்.

இந்தக் கம்பியில் பெட்டி நொடிக்குப் பல தடவை ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பல பெட்டிகளில் அந்த வரியின் தொடக்கத்தில் எண் வராது. இரண்டு எழுத்துகள் வரும். எஸ், டி என்று வந்தால் எடை நிலைத்துவிட்டது, எடுத்துக்கொள்ளலாம். யு, எஸ் என்று வந்தால் இன்னும் ஆடுகிறது, பொறு. அடுத்து மொத்த எடையா நிகர எடையா என்ற குறி, பிறகு கூட்டல் கழித்தல் குறி, அதற்கும் பிறகே எண். கடைசியில் 'வரி முடிந்தது' என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம்.

ஒரு தராசு தன் வாயாலேயே 'நான் சொல்வதை இப்போது நம்பாதே' என்று எச்சரிப்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. அதைவிடப் பெரிய வியப்பு, அந்த எச்சரிக்கையைப் படிக்காமலே தாண்டிப்போகும்படி எழுதப்பட்ட மென்பொருள்கள் புழக்கத்தில் இருப்பது. லோரி மேடையில் ஏறி பிரேக் பிடித்ததும் பாரம் முன்னும் பின்னும் குலுங்கும், எஞ்சின் அதிரும், தொட்டியில் டீசல் அலையடிக்கும். எண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்ட முதல் எண்ணை மென்பொருள் கவ்விக்கொண்டால் இரண்டு படி, மூன்று படி வித்தியாசம் வராமல் என்ன செய்யும்?

ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில் பால் அளந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். வாளியிலிருந்து எடுத்த பாலில் தண்ணீர் கலந்து, நுரையை வழித்துவிட்டு, பாலின் அடர்த்தி காட்டும் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிடுவார்கள். அது மேலும் கீழும் ஆடி ஓயும் வரை எங்கள் கிராணி வாயைத் திறக்க மாட்டார். வரிசையில் நிற்கும் பெண்களும் அவசரப்படுத்த மாட்டார்கள். அவருடைய அந்தப் பொறுமைதான் கம்பியில் வரும் இரண்டு எழுத்து.

வரி முடிவு அடையாளத்திலும் ஒரு பொல்லாப்பு உண்டு. பெட்டி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதால், மென்பொருள் காது கொடுக்கும் நேரம் ஒரு வரியின் நடுவாக இருக்கலாம். அரைகுறை வரியை எண்ணாக எடுத்துக்கொண்டால் 12,340 என்பது 2,340 ஆகிவிடும். ஓர் இலக்கம் உதிர்ந்தது, பத்து டன் பழம் காற்றில் போனது. இவ்வளவு பெரிய பிழை யார் கண்ணிலும் பட்டுவிடும் என்பதுதான் ஒரே ஆறுதல். வரி முழுதாக வந்ததா, நிலைத்துவிட்டதா, அடுத்தடுத்த சில வரிகள் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்த்தபின் பதிவதற்கு நல்ல நிரலாளருக்கு அரை நாள் வேலைகூட ஆகாது.

அந்த எண் அதன் பிறகு போகிற தூரம் கொஞ்சமில்லை. பெரிய நிறுவனங்களில் எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருளுக்கும், சில தோட்டங்களில் குவார்ட்டோ என்ற நம் நாட்டுத் தோட்ட நிர்வாக மென்பொருளுக்கும் போகிறது. இன்னொரு பக்கம், காட்டில் குலை வெட்டியவர் காம்பில் தன் எண்ணை எழுதி வைக்கிறார், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதைப் பார்த்துக் குலைகளை எண்ணுகிறார். முன்பு நோட்டுப் புத்தகம். இப்போது சில தோட்டங்களில் கைக்கருவியில் தொழிலாளியின் அட்டையைத் தொட்டு எண்ணிக்கையை அழுத்துகிறார்கள். அலைவரிசை எட்டாத பள்ளத்தில் கருவி அதைச் சேமித்து வைத்து, ஆபிஸ் வந்ததும் கொட்டும். மில்லில் கிடைத்த நிகர எடையைக் குலை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு குலையின் சராசரி எடை. அது செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும், சம்பளமாக இறங்கும். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கொடுத்தவருக்கு மாதக் கடைசியில் கிடைக்கும் ரிங்கிட்டில் அந்த இரண்டு எழுத்துக்கும் பங்கு இருக்கிறது. அவர் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரோ வங்காளதேசியோ. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம்மவர். நிறுவையைப் பார்த்துச் சந்தேகப்படும் கண் மட்டும் மாறவில்லை.

நம்மவர் காலத்தில், 1954இல், பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்க வேலையைத் தொடங்கிய பி.பி. நாராயணன் அதை நெடுங்காலம் வழிநடத்தினார். எடைக்கு இவ்வளவு கூலி என்ற விகிதத்தை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேச வழி பிறந்தது அப்படித்தான். விகிதத்தைக் கூட்டலாம். எடையே ஒழுங்காக இல்லையென்றால் கூட்டி என்ன பயன்?

கோளாறுக்குப் பெரும்பாலும் திருட்டு காரணமில்லை, அசட்டைதான் காரணம் என்பது என் எண்ணம். மேடைக்கு அடியில் குனிந்து பாருங்கள். உதிரிப் பழமும் சேறும் இடுக்கில் அடைத்துக்கொண்டு மேடையை முட்டுக் கொடுத்துத் தாங்கும். அந்த அளவுக்குப் பாரம் கட்டைக்குப் போகாது. எலி கம்பியைக் கடிக்கும். நம் ஊர் இடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு சாயங்கால மழையில் கட்டையும் பெட்டியும் சேர்ந்து கருகிவிடும். ஆயிரக்கணக்கில் கொட்டி மென்பொருள் வாங்குகிறவர்கள், மேடைக்கடியைக் கழுவ ஆள் போடக் கணக்குப் பார்க்கிறார்கள்.

இன்னொரு கூத்து உண்டு. புதுக் கணினிகளில் அந்த ஒன்பது ஊசித் துளை கிடையாது. யு.எஸ்.பி. மாற்றி ஒன்றை வாங்கிச் செருகுவார்கள். கூட்டிப் பெருக்க வந்தவர் அதைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகிவிட்டால், கணினி அதற்கு வேறு எண் கொடுத்துவிடும். மூன்றாம் வாசலில் காது வைத்துக் காத்திருக்கும் மென்பொருளுக்கு ஐந்தாம் வாசலில் பேசுவது கேட்காது. வெளியே பதினைந்து லோரி. அறுத்த பழத்தை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைக்காவிட்டால் அமிலம் ஏறி எண்ணெய் கெடும் என்ற நெருக்கடி. கிராணி என்ன செய்வார்? சிவப்பு எண்ணைக் கண்ணால் பார்த்துக் கையால் தட்டுவார். அன்று மட்டும் என்று தொடங்கும், ஆறு மாதம் நீடிக்கும். கையால் தட்டிய எடையும் கம்பி வழி வந்த எடையும் சீட்டில் ஒரே மாதிரிதான் அச்சாகும். கையால் பதிந்தவற்றுக்குத் தனி அடையாளம் போட வேண்டும், யார் எப்போது பதிந்தார் என்று மென்பொருள் நினைவில் வைக்க வேண்டும். அதைச் செய்யாத மென்பொருளுக்கு மேலாளர் காசு கொடுக்கக் கூடாது.

வெற்று லோரியின் எடையை ஒரு தடவை பதிந்துவிட்டு மாதக்கணக்கில் அதையே கழிப்பது மற்றொரு சோம்பல். டயர் சேறு, தொட்டி டீசல், தார்ப்பாயில் தேங்கிய மழைநீர் எல்லாம் அதில் அடிபட்டுப்போகும். பாரத்தோடு நிறுக்கும்போது ஓட்டுநர் கீழே, வெறும் லோரியை நிறுக்கும்போது உள்ளே என்றால் அவருடைய எடை முழுதும் பழத்திலிருந்து கழியும். "எஞ்சினை அடைச்சிட்டு இறங்குங்கண்ணே" என்று இரண்டு தடவையும் சொல்லும் கிராணியை ஒரு மில்லில் பார்த்திருக்கிறேன். கோயில் கட்டலாம் அவருக்கு.

ஜெம்போல் வாசகருக்கும் அவரைப் போல் பழம் விற்பவர்களுக்கும்: லோரி ஏறுவதற்கு முன் எண் பூச்சியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசிச் சக்கரம் மேடைக்குள் வந்ததா, எண் ஆடி அடங்கியதா என்று பாருங்கள். ஓட்டுநருக்குத் தெரியும்படி வெளியே ஒரு காட்சிப் பலகை இல்லையென்றால், வைக்கச் சொல்லிக் கேளுங்கள்; அதே கம்பியில் கிளை பிரித்து மாட்டக்கூடியதுதான் அது. தராசில் இந்த ஆண்டின் சரிபார்ப்பு முத்திரை இருக்கிறதா என்று கேட்க 1972ஆம் ஆண்டின் எடை, அளவுச் சட்டம் உங்களுக்குத் துணை. திருப்தி இல்லையென்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் சிரம்பான் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். போகும்போது சீட்டுகள் இரண்டையும் கொண்டுபோங்கள். வெப்பத்தில் அச்சாகும் தாள் நாளடைவில் வெளுத்துப்போகும்; இன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.